சிவப்புக் கழுதை

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, பேசினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மகள் அறைக்குள் வந்தாள். அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிடத்தான் வருகிறாள் என்று நினைத்து, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நர்ஸ் எழுந்து வழிவிட்டாள். மகள் கட்டிலுக்குப் போகவில்லை. எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய கார் பானெட்டின் முன்னால் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

பானெட்டில் ஒரு கழுதை வரைந்திருந்தது. சாம்பல் நிறம், வெளுத்த வயிறு, முதுகில் கருத்த கோடு ஒன்று. சின்னப் பிள்ளைகூடக் கழுதை என்று சொல்லிவிடும். அவள் பெயிண்ட் தேய்க்கிற உப்புத்தாளான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரப்பர் கட்டையில் சுற்றி, கழுதையின் நெற்றியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றாள் நர்ஸ்.

"மேல இருக்கிற பெயிண்ட எடுக்கிறேன்."

"இப்பவா?"

"இப்ப விட்டா எப்ப?"

பெரியவர் சாயங்காலம் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் சொன்னதே நர்ஸ்தான். இந்த மாதிரி நாளில் ஒரு வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து வீட்டில் இருந்த ஸ்பூனையெல்லாம் விளக்கியதையும், இன்னொரு வீட்டில் ஒருவர் பழைய ரேடியோவை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டதையும் பார்த்தவள். அழ வராதவர்கள் எதிலாவது கையைப் போடுவார்கள். ஆனால் இவள் முகத்தைப் பார்த்தால் இது அந்த ரகமாகத் தெரியவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் முகமாக இருந்தது.

அப்பா ஒரு வண்டிப் பட்டறையில் நாற்பது வருஷம் நிறம் கலந்தவர். பட்டறையில் அவருக்குப் பெயரே கலர் மாஸ்டர்தான். எங்கேயாவது இடித்துக்கொண்டு ஒரு வண்டி வந்து நிற்கும். டிங்கர் நசுங்கலைத் தட்டி நிமிர்த்துவார். பட்டி வைத்துத் தேய்ப்பார்கள். அதற்குமேல் அடிக்க வேண்டிய நிறம் மாஸ்டர் கையிலிருந்துதான் வர வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்த நிறம் உதவாது. ஆறு வருஷ வெயிலையும் மழையையும் குடித்த நிறம் வேண்டும். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், கண்ணைச் சுருக்குவார், ஏழெட்டு டப்பாவிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். அடித்துக் காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, அடி எங்கே பட்டிருந்தது, காட்டுங்கள் என்பார். அந்த ஆள் தன் வண்டியையே பக்கத்து வீட்டு வண்டி மாதிரி உற்று உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார். மாஸ்டருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். "தெரியக் கூடாது" என்பதுதான் பட்டறையில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை.

மகள் பிழைப்பதும் நிறத்தை வைத்துத்தான். ஆனால் அவள் இருந்தது பெரிய பெயிண்ட் கடையில், ஏ.சி. அறையில், ஒரு மெஷினோடு. மெஷினை வண்டியின்மேல் வைத்தால் எதில் எத்தனை சொட்டு என்று அதுவே எழுதிக் காட்டிவிடும். அப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, கெட்டிக்கார மெஷின், தலைவலி என்று ஒருநாள் லீவுகூடப் போடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கலந்த நிறத்தை நல்லது என்றும் சொன்னதில்லை, மோசம் என்றும் சொன்னதில்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாள்.

அவர் கழுதையை வரைந்தது வேலையை விட்ட பிறகு. அது நிஜமாகவே இருந்த கழுதை. பட்டறைக்குப் பின்னால் ஒரு கட்டட வேலைக்கு மணல் சுமந்துகொண்டிருந்தது. வயதானதும் சொந்தக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். அது வேறெங்கும் போகாமல் பட்டறை வாசலில் வந்து நின்றது. உச்சி வெயிலில் நிழல் பத்தடி தள்ளி இருக்கும், போகாது. தள்ளினாலும் போகாது. டிங்கர் ஒருநாள் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். உதை வாங்கியதுதான் மிச்சம். மகளுக்கு அப்போது ஏழு வயது. கழுதையின்மேல் அவளை உட்கார வைத்து எடுத்த போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது.

அந்தக் கழுதையை அவர் பானெட்டில் சிவப்பாக அடித்திருந்தார். உலையிலிருந்து எடுத்த இரும்பின் சிவப்பு. காது இரண்டும் பச்சை. வயிறு கண்ணைக் கூசுகிற மஞ்சள். தரையில் விழுந்த நிழல் கத்திரிப்பூ நிறம். உருவமும் அதே மாதிரிதான், எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. கழுத்து இரண்டு கழுதைக்குக் காணும். வளைந்து இறங்கி மூக்கு முன்னங்காலைத் தொட்டது. முதுகு ஒரு மேடாக எழும்பிப் பானெட்டின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. நாலு காலும் தூண். குளம்புகள் தரைக்குள் இறங்கியிருந்தன.

அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மூன்றாம் நாள், மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் மகள் இதை முதன்முதலில் பார்த்தாள். ஈரல் கெட்டு அவர் கண் மஞ்சளாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியின் வெறும் சாம்பல் சுவரைப் பார்த்து, இதில் கத்திரிப்பூ கலந்திருக்கிறது என்று சொன்னார். இப்போது இந்தக் கழுதை. கலர் மாஸ்டருக்குக் கண் போய்விட்டது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

யாரிடமும் அதைச் சொல்லவில்லை. டாக்டரிடம்கூடக் கேட்கவில்லை. பட்டறை ஆட்கள் அப்பாவைப் பார்க்க வருவார்கள், இதைப் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு பார்வையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாற்பது வருஷம் ஒரு சொட்டுப் பிசகாத மனிதர், கடைசியில் கழுதை என்ன நிறம் என்று தெரியாமல் போய்ச் சேர்ந்தார் என்று பேச்சு வருவதா?

போட்டோவைக் கடைக்கு எடுத்துப் போய் மெஷினை அதன்மேல் வைத்தாள். வெள்ளை, கருப்பு, கொஞ்சம் மண் நிறம், ஒன்றரைச் சொட்டு கத்திரிப்பூ என்று மெஷின் காட்டியது. அந்த ஒன்றரைச் சொட்டு அவள் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அம்மா ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. அந்தச் சாம்பலைக் கலந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சிவப்பின்மேல் அடித்து முடித்தாள். கழுத்தைக் குறைத்தாள், முதுகை இறக்கினாள், தரைக்குள் போயிருந்த குளம்புகளை மேலே கொண்டுவந்து ஒழுங்காகத் தரையில் வைத்தாள்.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, படுத்தபடியே பார்க்கும் மாதிரி எதிர்ச் சுவரில் அதைச் சாய்த்து வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மேட்ச் சரியா இருக்கு" என்றார்.

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அம்மா ஏதோ சொல்ல வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே போய்விட்டாள். பட்டறை ஆட்கள் வந்தார்கள், அச்சு அசல் நம்ம கழுதை என்றார்கள். பதினொரு நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள். அப்பா சாகக் கிடக்கிற வீட்டில் இப்படிச் சந்தோஷமாக இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் இருந்தாள்.

இன்று காலை வெளிச்சம் வந்த சற்று நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். அது எங்கே என்று கேட்டார். இதோ இருக்கிறதே என்று மகள் பானெட்டைக் காட்டினாள். அவர் தலையை மெல்ல அசைத்தார்.

"இது இல்ல."

கண் மூடிக்கொண்டது. மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவுக்கு என்றைக்குமே பொய் வராது. பொய் சொல்ல வேண்டி வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மகள் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"அவர் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலடி" என்றாள் அம்மா. "போன வாரம் வரைக்கும் எனக்கு ஊசில நூல் கோத்துக் கொடுத்தது யாரு?"

"அப்புறம் ஏம்மா செவப்பா அடிச்சாரு?"

"நானும் கேட்டேன். வெளியில பார்த்தாத்தான் சாம்பல், வெயில்ல நகராம நின்னுச்சே, அப்ப உள்ளுக்குள்ள அது இப்படித்தான் இருந்துச்சுன்னாரு. எனக்கு என்ன புரிஞ்சுது? இத்தன நாள் யார் யார் வண்டிக்கோ தெரியக் கூடாதுன்னே அடிச்சேன், ஒண்ணே ஒண்ணு தெரியற மாதிரி அடிச்சிட்டுப் போறேன்னாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லாதேன்னுட்டாரு. புள்ள ஆசையா பண்ணியிருக்கு, நல்லாவும் பண்ணியிருக்கு, விட்டுடுன்னாரு."

அதன் பிறகுதான் அவள் அப்பாவின் பெட்டியைத் திறந்து வாட்டர் பேப்பரை எடுத்தது. பெயிண்டைக் கரைக்கிற தின்னர் ஊற்றினால் நிமிஷத்தில் போய்விடும். ஆனால் அடியில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மேலே அவள் அடித்தது ஒரு முடி கனம். அதன் அடியில் அப்பா அடித்தது இன்னொரு முடி கனம். அதற்கும் அடியில் தகரம். முதல் முடியை எடுத்துவிட்டு இரண்டாவதில் நின்றுவிட வேண்டும். அதையும் சாயங்காலத்துக்குள், அவர் கண் இன்னொருமுறை திறப்பதற்குள் செய்ய வேண்டும். மெஷின் பிடித்துப் பழகிய கை அது. தேய்க்கிற வேலையை அவள் பார்த்திருக்கிறாளே தவிரச் செய்ததில்லை.

தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறப் பால் வழிந்தது. துடைத்தாள், நனைத்தாள், மறுபடி தேய்த்தாள். ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்போல வலித்தது. பால் இன்னும் சாம்பலாகவே இருந்தது.

பத்து மணிக்கு டிங்கர் வந்தார். அப்பாவோடு அத்தனை வருஷமும் ஒரே பட்டறையில் இருந்தவர். சுத்தியல் சத்தத்தில் பாதிக் காது போனவர். கட்டிலருகே நின்று நண்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், மகள் செய்வதைப் பார்த்துத் திகைத்துப்போனார். அவள் கையை நிறுத்தாமலே எல்லாவற்றையும் சொன்னாள். கண் போய்விட்டது என்று தான் நினைத்ததையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

டிங்கர் தரையில் உட்கார்ந்தார். ஒரு டம்ளரை எடுத்துப் பேசினில் மொண்டு, அவள் கைக்கு மேலே நூல் மாதிரித் தண்ணீர் விட ஆரம்பித்தார்.

"இது மாஸ்டர் வேலை இல்லன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு பாப்பா" என்றார்.

"எப்படி மாமா?"

"ரொம்ப நல்ல கழுதையா இருந்துச்சு. என்னை உதைச்சது இது இல்ல."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்தது. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேய்த்தாள்.

பதினொரு மணிவாக்கில் டிங்கருக்குப் போன் வந்தது. எழுந்து வெளியே போனார். அவள் தனியாகத் தேய்த்தாள். நேரம் போவது உறைக்க, கை வேகமானது. நனைக்க நின்றால் அரை நிமிஷம் போகிறதே என்று நனைக்காமலே இழுத்தாள். அதுவரை மெத்தென்று இருந்த சத்தம் கரகரத்தது. கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. காலையிலிருந்து அந்த அறையில் கேட்காத குரல்.

"தண்ணி."

நர்ஸ் உடனே பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். அவர் உதட்டைத் திருப்பிக்கொண்டார். கண் திறக்கவே இல்லை.

"பேப்பருக்கு" என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் கட்டையைப் பேசினில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்டக் கழுதையின் நெற்றியில் வைத்து, மெதுவாக இழுத்தாள். சத்தம் மறுபடி மெத்தென்று ஆனது. அவர் புருவம் தளர்ந்தது. அதன் பிறகு அவள் வேகம் பார்க்கவில்லை. தான் தேய்ப்பதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது ஒன்றே போதுமாக இருந்தது.

சற்று நேரத்தில் வழிந்த பாலில் ஒரு ரோஜா நிறம் தெரிந்தது. பட்டறையில் இதற்குத்தான் காத்திருப்பார்கள். பால் நிறம் மாறினால் அடுத்த பூச்சு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்தாள். ரப்பர் துண்டால் தண்ணீரை வழித்தாள். கழுதையின் நெற்றியில் ஒரு கையகலத்துக்குச் சிவப்பு. சுற்றிலும் சாம்பல்.

திரும்பி வந்த டிங்கர் அதைப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டார். மகள் நெற்றியிலிருந்து காதுக்குப் போனாள், பச்சை வந்தது. கழுத்தில் இறங்கியபோது தான் குறைத்த கழுத்துக்கு வெளியே, வெறும் தரை என்று அடித்திருந்த இடத்தின் அடியில் அப்பாவின் கழுத்து வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. மூக்கு முன்னங்காலைத் தொடும் இடம் வரைக்கும் போனது. முன்னங்குளம்பு இரண்டும் தரைக்குள் இறங்கின. அந்த வெயிலில் அது எப்படி நின்றது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஏழு வயதில் அதன் முதுகில் உட்கார்ந்திருந்தபோது தொடையில் பட்ட சூடும் நினைவுக்கு வந்தது. போட்டோவில் அந்தச் சூடு இல்லை. மெஷின் அதை எங்கே போய்ப் படிக்கும்?

மணி இரண்டைத் தாண்டியது. முதுகுக்கு வந்தாள். முதுகின் மேடு பானெட்டின் விளிம்பை ஒட்டி எழும்பியிருந்தது. விளிம்பில் பூச்சு எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும். அவளுக்கு அது தெரியும், கைக்குத் தெரியவில்லை. பால் ரோஜா ஆனது, அவள் கையை எடுப்பதற்குள் மறுபடி வெளுத்தது. வழித்துப் பார்த்தாள். சிவப்புக்கு நடுவே நகம் அளவுக்குத் தகரம் பளிச்சென்று இருந்தது.

"வெட்டிருச்சு மாமா, பெயிண்டே போயிருச்சு" என்றாள். கட்டை கையிலிருந்து நழுவிப் பேசினில் விழுந்தது. ஒருமுறை மேலே அடித்துக் கெடுத்தாகிவிட்டது, இப்போது தேய்த்தும் கெடுத்தாகிவிட்டது.

டிங்கர் சமாதானம் சொன்னார். மாஸ்டரின் டப்பா இருக்கும், அதே சிவப்பில் ஒரு டச் கொடுத்தால் தெரியாது என்றார்.

"இங்க பாருங்கம்மா," என்றாள் நர்ஸ். "கண்ணத் தெறந்திருக்காரு."

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுதையின் தலையும் கழுத்தும் முதுகில் பாதியும் சிவப்பாகவும், பின்பாதி இன்னும் சாம்பலாகவும் இருந்தது. அவர் வலது கை போர்வையின்மேல் கொஞ்சம் நகர்ந்தது. டிங்கருக்குத்தான் அது முதலில் புரிந்தது. அவரும் மகளுமாகப் பானெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலோடு சாய்த்துப் பிடித்தார்கள். அம்மா அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளங்கை பின்பக்கத்துச் சாம்பலிலிருந்து கிளம்பி மெதுவாக முன்னால் போனது. சாம்பல் முடிந்து சிவப்பு தொடங்கும் இடத்தில் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கை அங்கே தட்டவில்லை, நிற்கவில்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டு சிவப்புக்குள் போனது. முதுகின் மேட்டில் ஏறியது. தகரம் தெரிந்த இடத்தில் விரல் நின்றது.

"வெட்டிருச்சுப்பா" என்றாள் மகள். "ஒரு டச் கொடுத்துடறேன். தெரியாது."

விரல் அந்த இடத்தையே ஒருமுறை சுற்றி வந்தது.

"தெரியட்டும்" என்றார்.

அவர் கையை எடுக்கவில்லை. டிங்கர் பானெட்டைத் தோளால் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றார். மகள் காலையிலிருந்து ஒரு மன்னிப்பை வைத்துக்கொண்டிருந்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு நீண்டு நீண்டு வந்தது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிக்கொண்டே போனது. ஒரு தடவை அடுத்தது வரவில்லை. நர்ஸ் குனிந்து பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மா ஒரே ஒருமுறை "என்னங்க" என்று கூப்பிட்டாள், வீட்டுக்குள் எங்கோ இருப்பவரைக் கூப்பிடும் குரலில்.

சற்று நேரம் கழித்து நர்ஸ் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து அவரைத் துடைத்தாள். முகம், கழுத்து, மார்பு, இடது கை. டிங்கர் வெளியே போய் ஒவ்வொருவருக்காகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்; தனக்குக் கேட்காது என்பதால் சத்தம் போட்டே சொன்னார். நர்ஸ் வலது கையை எடுத்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கச் சிவப்பும் சாம்பலுமாக ஈரம் காய்ந்து ரேகையெல்லாம் ஏறியிருந்தது. அவள் துணியைப் பிழிந்துகொண்டு குனிந்தாள்.

அம்மா அந்தக் கையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளங்கையை மூடி, போர்வைக்குள் வைத்தாள்.

மகள் பேசினைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் பிடித்து, ஒரு சொட்டு சோப்பு விட்டாள். பாதி முதுகும் பின்னங்கால் இரண்டும் இன்னும் பாக்கி இருந்தன.